வைக்கோலால் ஒட்டிய ஒன்பது தாங்கிகள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கைப்பணிக் கண்காட்சிக்கு நான் பதினொரு வைக்கோல் படங்களைக் கொண்டுபோனேன். பத்துப் படங்களால் ஒரு தொல்லையும் இல்லை. மான், மயில், தென்னை, தோணி, இவ்வளவுதான். பதினோராவது படம்தான் என் உயிரை எடுத்தது.

அது நான் சமைக்கிற குசினியின் யன்னலால் தெரிகிற காட்சி. சீனன்குடாவில் அரசாங்கம் தந்த குவாட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. ஒவ்வொரு தாங்கியின் தலையிலும் ஏறி, உள்ளே கோலை விட்டு, எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து வருவார். அப்படி ஒரு வேலை இருப்பதே வெளியில் பலருக்குத் தெரியாது.

மானும் மயிலும் எல்லோரும் ஒட்டுகிறார்கள், நான் கண்ணால் கண்டதை ஒட்டுவேன் என்று எனக்கொரு திமிர் இருந்தது. கந்தளாயில் இருந்த மச்சாள், உழவு யந்திரம் மிதிக்காத முழு வைக்கோலாகப் பார்த்துக் கட்டி பஸ்ஸில் அனுப்புவாள். அதைப் பிளேட்டால் கீறி, ஊறவைத்து, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தால் நாடா மாதிரித் தட்டையாக வரும். சூடு கூடினால் நிறம் கறுக்கும். அப்படிக் கறுக்கவைத்துத்தான் தாங்கிகளின் நிழல் பக்கத்தை ஒட்டினேன். கறுப்புத் துணியில் அவை நிஜமாகவே உருண்டு நின்றன.

அதுவரை என் படங்களை ஏறெடுத்தும் பாராத என் கணவர், அன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சேர், இவைக்குப் பின்னால இன்னும் ரெண்டு நிக்குது. அதையும் போடும்."

"யன்னலால தெரியேல்லையே."

"தெரியாட்டி என்ன? நான் நெடுக ஏறி இறங்கிறனான்."

அவர் காட்டிய இடத்தில் அந்த இரண்டையும் ஒட்டினேன். அவற்றின் இலக்கங்களையும் சொன்னார். அதையும் ஒட்டினேன். கம்பிவேலியை ஒட்டினேன். வேலியில் தொங்கிய 'படம் எடுக்கத் தடை' என்ற பலகையைக்கூட விடவில்லை. இப்படியொரு மூளை யாருக்காவது இருக்குமா என்று இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன். தினமும் காலையில் சோறு வடிக்கும்போது பார்க்கிற வேலி அது. அதில் பயப்பட ஏதும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

மண்டபத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம், பன்புல்லில் இழைத்த பாய்களை அடுக்கி வைத்திருந்தார். பத்து மணிபோல ஒரு மனிதர் என் மேசைக்கு முன்னால் நின்றார். ஒட்ட வெட்டிய தலைமயிர், வெள்ளைச் சேட்டு, பளபளவென்று சப்பாத்து. மானையும் மயிலையும் அவர் பார்க்கவில்லை. பெரிய படத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இது எங்க இருந்து பார்த்தது?" தமிழைத் தேடித் தேடிக் கதைத்தார்.

"சும்மா... கற்பனை."

"வேலிக்கு வெளிய நின்று பார்த்தா ஏழுதானே தெரியும்? இதில ஒன்பது இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "விற்க வேணாம். வைங்க. நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுக்காரருக்கு வேலை போனது அவருடைய மச்சானின் கமெராவால். மச்சான் வேலிக்குக் கிட்ட நின்று ஒரு படம் எடுத்தான், அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் சட்டி பானையோடு வீட்டைக் காலி பண்ணினார்கள். அந்த மனிசி முற்றத்தில் நின்று அழுததை நான் என் குசினி யன்னலால்தான் பார்த்தேன். வெளியில் இருந்து தெரியாத இரண்டு தாங்கிகளை இலக்கத்தோடு ஒட்டி, ஊர்ச்சனம் பார்க்க வைத்திருக்கிறேன். உள்ளே போய்வருகிறவர் சொல்லாமல் அது எனக்கு எப்படித் தெரியும்?

"என்ன புள்ள, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றார் ராத்தா.

சொன்னேன். படத்தைப் பாய்க்குள் சுருட்டி வைக்கலாம் என்றார். அந்த மனிதர் எண்ணியே பார்த்துவிட்டார், ஒளித்து வைத்துப் பிடிபட்டால் இன்னும் மோசம் என்றேன். பையிலிருந்த பிளேட்டை எடுத்தேன். மேசைக்குக் கீழே நிலத்தில் குந்திக்கொண்டு சுரண்டினேன். முதலில் இலக்கங்கள். பிறகு பின்னால் நின்ற இரண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம், பயம் விடவில்லை. ஒன்பதையும் சுரண்டினேன். வேலி, பலகை, எல்லாம் போனது. மிஞ்சியது கடலும் ஒரு தோணியும். துண்டுகளை ராத்தா கூட்டி அள்ளித் தன் பாய்க்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் அந்த மனிதர் திரும்பி வந்தார். கூட்டி வந்தது பொலிசை அல்ல. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவர் மனைவி. படத்தைப் பார்த்ததும் அந்த மனிதரின் சிரிப்பு நின்றுபோனது.

கறுப்புத் துணியில் பசை காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தது. பின்பக்கத் தாங்கிகளில் ஒன்று நின்ற இடத்தில் விரலை வைத்து, மனைவியிடம் சிங்களத்தில் மெல்ல ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ரெண்டு வருசம் நான் இந்த இடத்தில காவல். இதை யாரும் பார்க்க ஏலாது. இவள்கூடப் பார்க்கேல்ல. திங்கக்கிழமை ஊருக்கு மாற்றம். இவளுக்குக் காட்டத்தான் கூட்டி வந்தது. திரும்ப ஒட்ட ஏலுமா?"

"ஏலாது" என்றேன். ஒட்ட முடியும். வீட்டில் வைக்கோல் இருந்தது, இலக்கங்களும் மனப்பாடம். ஆனால் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பார்த்த பிறகும் இதுவும் ஒரு சோதனையாக இருக்குமோ என்றுதான் என் புத்தி ஓடியது. அவர் தலையாட்டிவிட்டு, ஒரு மயிலை வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து, அந்த மனிதர் எண்ணிப் பார்த்ததுவரை சொன்னதுமே என் கணவரின் முகம் கறுத்துவிட்டது. எழும்பிப் போய்க் குசினி யன்னலைச் சாத்தினார். மிச்சக் கதையை அடுப்புப் புகைக்குள் நின்று கேட்டார்.

பிறகு கேட்டார்: "அந்தப் பின்னால நிக்கிற ரெண்டையும் பாத்தவனோ?"

"ஓம்."

"சரியா நிக்குதெண்டு சொன்னவனோ?"

"சொல்லத்தான் வந்தவர். அதுக்குள்ள நான் சுரண்டிப்போட்டன்" என்றேன்.

அவர் படத்தை வாங்கி, அந்த இரண்டின் பசைத் தடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.