மூன்றாம் துளையில் காணாமல் போன அரை மீட்டர்

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘ருசி’ என்றுதான் கூப்பிடுவோம். சமையலால் வந்த பெயர் இல்லை. பூமிக்கடியிலிருந்து குழாயில் எடுத்து வரும் மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பாள். நறநறத்தால் வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களிமண். ஆய்வகத்தில் அதற்கு இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் அவள் பல் சொன்னதை ஆய்வகம் பொய்யாக்கியதாக எனக்கு நினைவில்லை. “குழம்புல உப்பு பாருன்னா மறந்துடுவா. மண்ணுன்னா மட்டும் மறக்காம வாயில போட்டுப்பா” என்று பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் கிண்டல் செய்வார்.

எனக்கு அடுத்த மேசை அவளுடையது. கட்டடம் கட்டப் போகிறவர்கள் எங்களிடம் வந்து, தங்கள் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். துளை போடுகிறவர் மண்ணைத் தண்டு தண்டாக எடுத்து மரப்பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவருவார். ருசி அதைக் கம்பியால் நெடுக அறுத்து, அறுத்த பக்கத்தைக் கத்தியால் வழித்து, எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதுவாள். அவள் எழுதியதைப் பார்த்து நான் படம் வரைவேன்.

எங்கள் ஊரின் மேல் ஒரு காலத்தில், பனியுகத்தில், பனிக்கட்டி உட்கார்ந்திருந்தது. மலை உயரத்துக்கு. அது ஊர்ந்து வந்தபோது கல்லையும் களியையும் சேர்த்து அரைத்து, தன் பாரத்தால் அமுக்கிவிட்டுப் போனது. அந்தக் கல்களி கெட்டி. மண்வெட்டி போட்டால் கை அதிரும். பனி உருகிப் பின்வாங்கியபோது இங்கும் அங்கும் ஏரிகள் தேங்கின. கோடையில் உருகிய தண்ணீர் மெல்லிய வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், அது வெளிர்கோடு. குளிர்காலத்தில் ஏரி உறைந்து, அலையடங்கிய தண்ணீரிலிருந்து மாவு மாதிரியான களி மெல்லப் படியும், அது கருங்கோடு. ஒரு வெளிர்கோடும் ஒரு கருங்கோடும் சேர்ந்தால் ஒரு வருடம். பார்க்க அழகு, ஆனால் நம்பிக் கால் வைக்க முடியாது. ஈரச் சோப்புத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினமாதிரி, தள்ளினால் வழுக்கும்.

“அந்தக் காலத்து ஏரியப் பத்தி இப்ப என்ன கவலை?” என்று யாராவது கேட்டால், “உங்க வீடு அதுமேலதானே நிக்குது” என்பாள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். அவளுடைய அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா மருத்துவமனைக்கு மேலே இருக்கிற சரிவில், வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். கணவர் இல்லை.

“ஏன்டி, கீழ ஆஸ்பத்திரிக்காரங்க வண்டி நிறுத்த இடம் பண்றாங்களாம். சரிவோட அடிய நாலு மீட்டருக்கு வெட்டுறாங்க. மிஷின் போட்டு இடிக்க இடிக்க வீடே அதிருது. நேத்துலேர்ந்து குளிக்கிற ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. உன்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு.”

“கதவு மழைக்கு ஊறியிருக்கும்க்கா” என்றாள் ருசி.

“மழை எங்கடி பெஞ்சுது?”

போனை வைத்ததும் அவள் பேனாவை மூடி வைத்தாள். நான் என்ன என்று கேட்டேன். “அந்தச் சரிவுக்கு நாமதானே ரிப்போர்ட் குடுத்தோம்?” என்றாள்.

ஆமாம், நாங்கள்தான் கொடுத்தோம். பதினொரு வருடத்துக்கு முன்னால், அதே மருத்துவமனைக்காரர்கள் கேட்டு. மூன்று துளைகள். மூன்றிலும் மேலே சரளை, கீழே கெட்டியான கல்களி. ‘வெட்டலாம், சுவர் எழுப்பலாம், நிலம் தாங்கும்’ என்பது முடிவு. அந்தப் படத்தை வரைந்தது நான்.

மத்தியானம் கோப்பறையிலிருந்து அந்தப் பழைய கோப்பை எடுத்துவந்து என் மேசையில் விரித்தாள். விரலை மூன்றாம் துளையில் வைத்தாள். ஏழு மீட்டரிலிருந்து ஏழரை மீட்டர் வரை. அந்த இடத்தில் அவள் எழுதியிருந்தது: ‘மேலே உள்ளதே தொடர்கிறது.’

“அங்க ஒண்ணும் தொடரல” என்றாள். “பெட்டியில அந்த அரை மீட்டர் காலியா இருந்துச்சு. குழாயில எதுவும் வரல. ‘மாதிரி கிடைக்கவில்லை’ன்னு எழுதியிருக்கணும். அந்த வாரம்தான் எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நாலு மணிக்குக் கிளம்பியாகணும். மேலயும் கல்களி, கீழயும் கல்களி, நடுவுல மட்டும் வேற என்ன வந்துடப் போகுதுன்னு நெனச்சேன்.”

அவள் எழுதியதை நம்பி, நான் அந்த அரை மீட்டரின் குறுக்கே ஸ்கேலை வைத்து ஒரே கோடாக இழுத்திருந்தேன்.

காலியான இடம் எப்போதும் ஆபத்து என்று இல்லை. ஒரு கல் குழாயை அடைத்துக்கொண்டாலும் மண் வராது. ஆனால் துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சுவார்கள். மென்மையான களியாக இருந்தால் அந்தத் தண்ணீரே கரைத்துக்கொண்டு போய்விடும். கெட்டி மண் குழாயில் நிற்கும், இளகிய மண் காணாமல் போகும். எதைத் தேடித் துளை போடுகிறோமோ, அதுதான் கையில் சிக்காது.

பெட்டியைத் தேடிக் கிடங்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கிடங்குக்காரர் பேரேட்டைப் புரட்டினார். “பத்து வருஷத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு உத்தரவு மேடம். போன வருஷம் ரெண்டு லாரி ஏத்தினேன். உங்க பெட்டி ரெண்டாவது லாரியில போயிருக்கு.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “மண்ணுதானே மேடம், வேற எடுத்துக்கலாம்” என்று ஆறுதல் வேறு சொன்னார்.

திரும்பி வந்து கோப்பை மறுபடி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசியில் துளை போட்டவரின் தினக்குறிப்பு ஒன்று குத்தியிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த தாள். பொதுவாக அதை யாரும் படிக்க மாட்டோம். எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பம், துளையிடும் முனையான ‘பிட்’ எது தேய்ந்தது, அவ்வளவுதான் இருக்கும். மூன்றாம் துளைக்கு நேரே பென்சிலில் ஒரு வரி: ‘ஏழு மீ. பிட் தானா இறங்குச்சு. தண்ணி பழுப்புலேர்ந்து சாம்பல் நிறமா மாறி வந்துச்சு.’

அந்தச் சரிவில் கல்களி பழுப்பு. ஏரிக்களிதான் சாம்பல்.

அவள் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா அந்த வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி என்னக் கேட்டா. ‘அந்த மண்ண நானே பாத்திருக்கேன்க்கா. கல்லு மாதிரி. கண்ண மூடிக்கிட்டு வாங்கு’ன்னு சொன்னேன். நான் சொன்னதாலதான் வாங்கினா.”

எங்கள் தலைமைப் பொறியாளர் எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் சின்னவர். மூன்றாம் துளை போட்டபோது அவர் கல்லூரியைக்கூட முடித்திருக்க மாட்டார். ருசி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

“சரி, அந்தத் தாளை வெச்சு வேலைய நிறுத்தச் சொல்ல முடியுமா? தண்ணி நிறம் மாறினதுக்கு நூறு காரணம் இருக்கலாம்” என்றார் அவர்.

“இருக்கலாம் சார்.”

“நிறுத்தச் சொல்லி, அங்க ஒண்ணுமே இல்லன்னா?”

“நான் முட்டாள்னு ஆகும். ஆகட்டும் சார். நிறுத்தாம இருந்து, அங்க இருந்துட்டா?”

அவர் எழுந்து ஜன்னல் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “பதினோரு வருஷமா இது உங்களுக்கு ஞாபகம் வரலையா?”

“அடிக்கடி வந்துச்சு சார். சரிவோட அடியத்தான் யாரும் வெட்டலயேன்னு இருந்துட்டேன்.”

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. என்னிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. பொறியாளர் போனை எடுத்து மருத்துவமனை வேலையைப் பார்க்கும் ஒப்பந்தக்காரரிடம் பேசினார். இரண்டு நாளைக்கு மட்டும் வெட்டுவதை நிறுத்தச் சம்மதித்தார்கள். அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

மறுநாள் காலை அவள் அக்காவைத் தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னாள். காரணம் சொல்லாமல் சொன்னாள். “மிஷின் சத்தம் இல்லாம ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போயேன்.” அக்கா லேசில் விடுகிறவளா? “சத்தத்தத்தான் நிறுத்திட்டாங்களே. என்னடி மறைக்கிற?” என்று கேட்டாளாம். ருசி போனிலேயே சொல்லிவிட்டாள். எதிர்ப்பக்கம் ரொம்ப நேரம் தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு அக்கா, “அப்ப பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரிகிட்ட யாரு சொல்றது? நீ வந்து சொல்லு. அவ கிளம்பினா நானும் கிளம்பறேன்” என்று வைத்துவிட்டாள்.

ருசி போனாள். ‘இன்னும் உறுதி ஆகல’ என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர், “உறுதி ஆகாததுக்கு எதுக்குங்க பீதியக் கிளப்பறீங்க?” என்று கேட்டார். கைக்குழந்தைக்காரி மட்டும் உள்ளே போய்ப் பையை எடுத்தாள்.

துளை போட வந்தவர் பழைய ஆளே. தன் தாளை ருசி நீட்டியதும் வாங்கிப் படித்துவிட்டு, “நான்தான் எழுதியிருக்கேனே” என்றார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. ஆனாலும் அவள் தலை குனிந்தது. இந்த முறை ஏழு மீட்டரை நெருங்கியதும் தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். மெல்லிய தகட்டுக் குழாயை மாட்டி, சுற்றாமல், நேராக அழுத்தி இறக்கச் சொன்னாள். ஆறு மீட்டர் எண்பதில் குழாய் முரண்டு பிடித்தது. ஏழு மீட்டர் ஐந்தில் யாரும் அழுத்தாமலே கீழே போனது.

துளைக்காரர் லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

மண்ணை மேலே எடுத்து, பலகையில் வைத்துக் கம்பியால் அறுத்தாள். இரண்டாகப் பிளந்து விழுந்த பக்கத்தில் வெளிர்கோடு, கருங்கோடு, வெளிர்கோடு, கருங்கோடு. முப்பத்தாறு சென்டிமீட்டர். நான் படம் எடுத்தேன். அவள் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நூற்று நாற்பத்தொரு ஜோடி. நடுவில் கடுகளவு கல் ஒன்று, கோடுகளைக் கீழே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மிதந்து போன பனிக்கட்டியிலிருந்து ஏரியில் விழுந்த கல். வேறு நாளாக இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டிருப்பாள். அன்று கீழ்ப்பகுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கோடுகள் நேராக இல்லை. விரலால் இழுத்துத் தேய்த்த மாதிரி கலைந்து, பளபளவென்று இருந்தன.

“இது வழுக்கியிருக்கு” என்றாள். “பழசா புதுசான்னு தெரியல. ஆனா வழுக்கியிருக்கு.”

அந்த மத்தியானமே, வெட்டி எடுத்த மண்ணைத் திரும்பச் சரிவின் அடியில் கொட்டினார்கள். வெட்டிய இடத்தில் பாரம் வைத்தால்தான் மேலே இருப்பது நிற்கும். வெட்டிய அதே மிஷின், அதே ஓட்டுநர். “நேத்து எடுத்தத இன்னிக்குப் போடச் சொல்றாங்க, யாருக்கு மூளை கலங்கிடுச்சு?” என்று அவர் சத்தமாகவே கேட்டார். துளைக்குள் ஒரு நீளக் குழாயை நட்டார்கள். அதற்குள் ஒரு கருவியை இறக்கி எடுத்தால் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். கடைசி மூன்று வீடுகளையும் காலி செய்யச் சொல்லி நகராட்சியிலிருந்து தாள் ஒட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டவரும் அந்த மூன்றில் ஒருவர்.

முதல் வாரம் பதினொரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அப்படியென்றால் கலைந்த கோடு பழசு மட்டும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்து கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். இரண்டாம் வாரம் நாலு. சரிவுக்குள் தண்ணீர் வடியக் குழாய்கள் சொருகினார்கள். மூன்றாம் வாரம் ஒன்று. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. இனி அவள் எழுதுகிற ஒவ்வொரு தாளிலும் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நான்தான். அறிக்கையைத் திருத்தி வெளியிட்டோம். மூன்றாம் துளையின் புதுப்படத்தை நான் வரைந்தபோது அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா ஏழு வாரம் அவள் வீட்டில் இருந்தாள். கோபம் இருந்தது. காலையில் காபியைக் கொண்டுவந்து தங்கை முன்னால் வைப்பாளாம், முகத்தைப் பார்க்க மாட்டாளாம். ஒரு நாள் தையலை நிறுத்திவிட்டு, “நீ வாய மூடிட்டு இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது இல்ல?” என்று கேட்டாள்.

“சரிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள் ருசி.

“சரியாம இருந்திருந்தா?”

“அப்பவும் எனக்குத் தெரியும்க்கா.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்குடி. அதுதான் கஷ்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, மிஷினை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

இப்போது அக்கா தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கைக்குழந்தைக்காரி வரவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்காரர்கள் வண்டி நிறுத்த ஆற்றுப் பக்கம் இடம் எடுத்திருக்கிறார்கள். அங்கேயும் நாங்கள்தான் துளை போட்டோம். பெட்டியில் எங்காவது ஒரு விரல்கடை இடைவெளி இருந்தாலும் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டம் போட்டுவிட்டுத்தான் ருசி அடுத்த வரிக்குப் போகிறாள்.

சரிவில் இருக்கும் அந்தக் குழாயை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் வாரா வாரம் போகிறாள். போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்று நாளும் போனாள். கருவியை இறக்கி, எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, நனைந்தபடி அலுவலகத்துக்கு வந்து நோட்டை என் மேசையில் வைத்தாள். மூன்று நாளும் பூஜ்யம்தான்.

“நாளைக்கும் மழையாம்” என்றாள்.

“நாளைக்கு நானும் வரேன்” என்றேன்.