சுவருக்கு அந்தப்புறத்து வாடிக்கையாளர்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தப் பெரிய நிறுவனத்தில் அவரை எல்லோரும் ‘வளர்ச்சி’ என்றுதான் கூப்பிட்டார்கள். வியாபார வளர்ச்சிப் பிரிவில் மேலாளரை விட்டால் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. என்ன வேலை என்று மச்சினன் அடிக்கடி வாயைக் கிளறுவான். விற்பது வேறு பிரிவு, விற்பதற்கு ஆள் பிடிப்பது தன் பிரிவு என்று விளக்குவார்.

“பிடிச்சிட்டீங்களா மாமா?”

“பேச்சு நடக்குது.”

பேச்சு ஒரு சோப்புக் கம்பெனியோடு. மாதக் கடைசிக்குள் ஒரு புது வாடிக்கையாளராவது வராவிட்டால் பிரிவையே இழுத்து மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. இந்த வயதில் வேறு எங்கே போய் வளர்வது என்று அவருக்குத் தூக்கம் போயிருந்தது.

வாராவாரம் முன்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறுவார். பஸ் ஊரைச் சுற்றிப் பின்தெருவில் இறக்கிவிடும். சோப்புக் கம்பெனி வரவேற்பறையில் பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காத்திருப்பார். கொள்முதல் அதிகாரி அம்மா கூப்பிடுவார், மாதிரிப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், யோசிப்பதாகச் சொல்வார்.

அன்று அந்த அம்மா பெட்டியைத் தட்டும்போது சுவருக்கு அப்பால் ஒரு தும்மல் கேட்டது. விசில் மாதிரி ஆரம்பித்து பெஞ்சை இழுப்பது மாதிரி முடிந்தது. உலகத்தில் அப்படித் தும்முகிறவர் வளர்ச்சியின் மேலாளர் ஒருவர்தான். அந்தச் சுவரை ஒட்டி நின்ற பீரோவுக்கு மேலே கதவு நிலை ஒன்று எட்டிப் பார்த்தது. மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் காலண்டர் தொங்கும் பூட்டிய கதவு அவர் நினைவுக்கு வந்தது.

பஸ் பிடித்துத் திரும்பி வந்து விசாரித்தார். கம்பெனிகளை வாங்குவதற்கென்று இருந்த பிரிவு, போன வருஷமே சோப்புக் கம்பெனியை வாங்கிவிட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார்கள்.

“சார், அவங்க நம்ம கம்பெனிதான். இந்தக் கதவைத் திறந்தா அவங்க ஆபீஸ்.”

மேலாளர் மூக்கைத் துடைத்தபடி யோசித்தார். “திறந்தா நம்ம ஆளு. பூட்டியிருந்தா வாடிக்கையாளர். உமக்கு எது வேணும்?”

வளர்ச்சிக்கு வேலைதான் வேண்டியிருந்தது.

கையெழுத்து நாளன்று தும்முவதில்லை என்று மேலாளரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார். விசில் கேட்டது. பெஞ்சு இழுபட்டது. பேனா அந்தரத்தில் நின்றது. வளர்ச்சிக்குக் காலர் நனைந்துவிட்டது.

அந்த அம்மா பீரோவை ஒருமுறை பார்த்தார்.

“பக்கத்து ஆபீஸ்ல யாருக்கோ ரொம்ப நாளா சளி.”

“மாத்திரை ஏதாவது போடச் சொல்லலாமே மேடம்.”

“நமக்கெதுக்கு சார், முன்னபின்ன தெரியாதவங்க கிட்ட.” கையெழுத்துப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “எங்க பிரிவுக்கும் இந்த மாசம்தான் கெடு. சரக்கு வாங்க வெளிக் கம்பெனி ஒண்ணையாவது பிடிச்சே ஆகணும்னாங்க.”

ஒப்பந்தத்தை மாதிரிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வளர்ச்சி பின்தெருவில் நின்றார். வேலை பிழைத்துவிட்டது. பஸ்தான் வரக் காணோம்.