இரண்டாம் மாடிக்கு ஒரு மிக்னே

அந்த ஞாயிறு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின நாள்தான் எபிரெய வகுப்பில் ‘மிக்னே’ என்ற சொல்லைக் கற்றிருந்தேன். கால்நடை என்று பொருள். வடிவத்தில் ஒருமை, ஆனால் ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம் அத்தனையும் அதற்குள் அடக்கம். வாங்கு, சம்பாதி என்னும் வினையின் முன்னே ஒரு ‘மி’ ஒட்டிப் பிறந்த பெயர். ஒருவன் சம்பாதித்தது எதுவோ, அதுவே அவன் கால்நடை! பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வம்தானே? தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக்காரரிடம்கூட விளக்கினேன். “கீரை வோணுமா, வோணாவா?” என்றார்.

அன்று எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். கோவிலம்பாக்கத்தில் மாடு வைத்திருக்கும் அக்கா ஒரு கன்றைக் கொண்டுவந்திருந்தார். ஈனும்போது பசு சாகக் கிடந்ததாம். பிழைத்தால் கன்றைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை. இப்படிக் கொடுத்தவர்களே ஏலத்தில் கேட்டு, வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போவது வழக்கம். அதற்காகவே அக்கா முந்தானையில் பணம் முடிந்து வந்திருந்தார். வழக்கம் எனக்கும் தெரியும். அன்று மறந்து தொலைத்தேன்.

ஏலம் விட்ட மூப்பர் கூவியதும் அக்கா கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் ஏற்றினார், நானும் ஏற்றினேன். மிக்னே, மிக்னே என்று மனசு குதித்தது. மனைவி விலாவில் இடித்ததை உற்சாகப்படுத்துகிறாள் என்றே நினைத்தேன். அக்காவின் குரல் நின்றுபோனது. மூன்று தரம் சொல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா கன்றின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“ரெண்டாவது மாடில எங்க சார் கட்டப்போறீங்க? அங்க தாய்மாடு காலைலேர்ந்து கத்திகினு கீது.”

சுரீரென்றது. “மறு ஏலம்!” என்று கத்தினேன். வாங்கியதையே திரும்பக் காணிக்கையாக வைப்பதும் எங்களிடம் உண்டு.

மூப்பர் மறுபடி கூவினார். அக்கா முதலில் கேட்ட அதே தொகையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பூசணிக்கே அடித்துக்கொள்ளும் கூட்டம் அது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மனைவி முன்னெச்சரிக்கையாக என் இடது கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலது கையில் கயிறு இருந்தது.

மூன்றாம் தரம் முடிந்ததும் அக்கா கன்றின் கழுத்து முடிச்சை அவிழ்த்தார்.

“வாடி, வூட்டுக்குப் போலாம்.”

வாசலில் நின்ற வண்டி வரைக்கும் கன்று அவர் பின்னாலேயே போனது. கயிறு இன்னும் என் கையில்தான் இருந்தது.