மஞ்சளான டிராப் செக்கர்

"யக்கா, மீனுங்க எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. எவனோ மருந்து போட்டுட்டான்க்கா."

காலையிலேயே ஏரிக்கரை ஊரான தோணிரேவிலிருந்து ஏழுமலை போன் செய்தார். எவனோ என்றால் அவருடைய தம்பி சேகர்தான். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுக்கும், அதற்குப் பாடு என்று பெயர். அந்தப் பாடு விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று போயிருந்தது.

பொன்னேரி பக்கம் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி சர்வீஸ் செய்கிறேன். இந்தத் தொழிலில் நான் யாரையும் நம்புவதில்லை. கொசு மருந்து அடித்துவிட்டு அடிக்கவே இல்லை என்பார்கள். ஒரு வேளைதான் தீனி போட்டோம் என்று சத்தியம் செய்வார்கள், தொட்டியின் அடியில் தீனி அழுகிக் கிடக்கும்.

ஏழுமலை வீட்டில் இருந்தது செடி வளர்க்கும் பிளான்டட் டேங்க். சென்னைக் கடைக்காரர்கள் பிட்டிங் செய்தது. செடிக்காக சிலிண்டரிலிருந்து சிஓடூ, அதாவது கரியமில வாயு, போகும். தொட்டிக்குள் ஒட்டியிருக்கும் டிராப் செக்கர் என்ற கண்ணாடிக் குமிழில் நீர் பச்சையாக இருந்தால் அளவு சரி. மஞ்சளானால் கேஸ் அதிகம், மீனுக்கு மூச்சு முட்டும்.

நான் போனபோது அது நல்ல மஞ்சளாக இருந்தது. கேஸ் போகும் வேகத்தைக் காட்டும் பபிள் கவுன்டரில் குமிழை எண்ண முடியாதபடி கேஸ் பாய்ந்துகொண்டிருந்தது. உடனே சிலிண்டரின் மெயின் வால்வை மூடினேன். ஏர் பம்பைப் போட்டுப் பாதித் தண்ணீரை மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"மருந்து இல்ல, கேஸு. ஊசி வால்வ யாரோ தெறந்திருக்காங்க."

"அவன்தான்! நேத்து சாயங்காலம் வந்து எம் பொண்டாட்டிகிட்ட பேசிட்டுப் போனான். இன்னிக்கே ஊர்ப் பெரியவங்களக் கூட்டி அவன் பாடு முறைய நிறுத்தச் சொல்றேன்."

பாடு நின்றால் சேகர் வீட்டில் அடுப்பு எரியாது. சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற சேகருக்கு முகம் செத்துப்போனது. "நா மீனுக்குக் கிட்டகூட போலண்ணா" என்றார்.

எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். ஏழுமலையின் மனைவி வசந்தாவையும் விடவில்லை. தொட்டி இருக்கிற சுவரில் டிவி மாட்ட வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "எனுக்கு வேற வேல இல்லியாக்கா?" என்று முறைத்தார்.

அந்த நேரம் ஒரு மீன் திரும்பவும் மேலே வந்தது. ஏழுமலையின் கை தானாகக் கேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குப் போனது. அதுதான் ஊசி வால்வு என்று அவருக்குத் தெரியாது.

"இன்னா பண்றீங்க?" என்று கையைப் பிடித்தேன்.

"காத்து பத்தலக்கா. கொஞ்சம் கூட்டுனா தெளிஞ்சிடும். நாலு நாளா ஒண்ணு ரெண்டு மேல வரும்போதெல்லாம் இப்டித்தான் கூட்டிக் கூட்டிப் பாக்குறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழுமலை குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளுக்குத் தாய் இறால் அனுப்புகிறவர். இறால் போட்ட பையில் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து பிடித்து அடைப்பார். இறால் துவண்டால் திருகைக் கூட்டுவார், அது துள்ளும். சிலிண்டர் என்றாலே அவருக்கு உயிர்க்காற்றுதான். மீன் தவிக்கத் தவிக்க, அதை மூச்சு முட்ட வைக்கும் கேஸையே பாசத்தோடு கூட்டியிருக்கிறார்.

"இதுல ஆக்சிஜன் இல்ல ஏழுமலை. செடிக்கு ஆகும், மீனுக்கு ஆகாது" என்றேன்.

அவர் தம்பியைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வசந்தாவிடம், "அவனுக்கு டீ குடு" என்றார். மன்னிப்புக் கேட்கிற லட்சணம் அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் சேகர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைய தலைமுறைக்குச் சொல்கிறேன். சந்தேகப்படுவதை விடாதீர்கள், ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் வால்வு, அடுத்து தொட்டியை ஆசையாக வளர்க்கிறவர், மற்றவர்கள் கடைசி. சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் வாயால் சொல்ல வைக்காமல் கேஸைத் திறக்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு அட்டையில் 'இது காற்று இல்லை' என்று எழுதி சிலிண்டரில் கட்டினேன். அடுத்த சர்வீஸுக்குப் போனபோது அதன் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'அண்ணன் தொடக்கூடாது.'