டில்லியின் இறால் டோக்கனும் தோணிரேவு ஊர்க்கூட்டமும்

கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான். இருந்தாலும் நிஜ ஞாயிறு அன்றுதான் கிளம்பினேன். நண்பன் டில்லி கூப்பிட்டிருந்தான். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவன். பிடிப்பதில் பங்கு தரும் கிரிப்டோ டோக்கன் வெளியிடப் போகிறான். செயலி எழுதியது நான். கிரிப்டோ லாபத்துக்கு வரி உண்டு, அது தெரியும். ஆனால் வெளியிட யாரிடம் அனுமதி வாங்குவது? தேடித்தேடித் தலை சுற்றியதுதான் மிச்சம். டில்லி அலட்டிக்கொள்ளவில்லை. "ஊர்ல கேட்டா போதும்டா."

சென்ட்ரலில் இருந்து பொன்னேரிக்கு மின்சார ரயில், பத்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, பதினெட்டு கிலோமீட்டர், நின்றுகொண்டே. பிறகு டில்லியின் ஊரான தோணிரேவுக்கு ஆட்டோ, எண்பது ரூபாய்.

"ஊர்க்கூட்டத்துல உனுக்கு இன்னாபா வேலை?" என்றார் ஓட்டுநர்.

"எனக்கே தெரியலண்ணே."

கூட்டம் கோயிலுக்கு எதிரே. இறால் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊரே முறை வைத்துத் தருகிறது. அதற்குப் பெயர் பாடு. டில்லி பங்கு போட்டு விற்கப்போவது தன் முறையில் கிடைக்கும் இறாலை. ஊர் கோபித்துக்கொண்டால் முறை போய்விடும். அவன் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

"எத்தினி பேருக்குடா விப்ப?" என்றார் தலைவர்.

"கேக்கறவனுக்கெல்லாம், மாமா."

"அத்தினி பேருக்கு எறா வருமாடா?"

டில்லியின் மனைவி அமுலு குறுக்கே வந்தாள். "இவுரு பாடு அன்னிக்கு ஊட்டுக் கொழம்புக்கே வர்ல மாமா." கூட்டம் சிரித்தது.

"வாங்கனவன் நாளைக்கு ஏரில வந்து நின்னா?" என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். "வர மாட்டாங்க தலைவரே. வேற ஆளுக்கு வித்துடுவாங்க."

"எறாவும் வாணாம், ஏரியும் வாணாம். அப்ப இன்னாத்துக்குப்பா வாங்கறான்?"

செயலியைத் திறந்து போனை அவரிடம் நீட்டினேன்.

தீர்ப்பு சுருக்கம்: டோக்கன் விட்டால் இந்த வருஷம் பாடு கிடையாது. டில்லி என்னைப் பார்த்தான். அமுலு அவனைப் பார்த்தாள்.

"டோக்கன் வாணாம் மாமா," என்றான். அங்கேயே செயலி முழுவதையும் அழித்தேன்.

ஆட்டோ ஏறும்போது தலைவர் பின்னாலேயே வந்தார். "தம்பி, வெளியில எவனாச்சும் விட்ற காயின் நல்லதா ஒண்ணு கீதா? எனுக்குப் போட்டுக் குடேன்."

"அத விட்றவன யாரு கேள்வி கேட்டாங்க தலைவரே?"

"அவன் ஊர்ல கேட்டிருப்பாங்கல்ல?"

போகிறவர்களுக்கு: கூட்ட நாளில் போகாதீர்கள், ஏரியைச் சுற்றிக்காட்டப் படகுக்கு ஆள் கிடைக்காது. கடைசிப் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். டோக்கன் வாங்குகிறவர்கள், அதை விட்டவனை யாராவது இப்படி நிற்கவைத்துக் கேட்டார்களா என்று பாருங்கள். எங்கே போய்ப் பார்ப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.