வாழைக்கன்று கட்டிய கம்பி

மடுல்சீமை ஏற்றத்தில் எங்கள் பழைய வேன் திடீரென்று இழுக்காமல் நின்றுவிட்டது. அடியில் கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பாக ஒழுகிக் கிடந்தது. வந்த எங்கள் வழக்கமான மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கியர்பாக்ஸ் போச்சுங்க. மாத்தணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையை விரித்து நானே அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் ஆயில் சூடு தணிய ரேடியேட்டருக்குப் போகும் குழாயில்தான் ஓட்டை. உரசி உரசி அதை அறுத்தது ஒரு கட்டுக்கம்பி. காய்ந்த வாழைநார் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. ஆயுத பூசையன்று அவருடைய கராஜில், வேனின் முன்பக்கம் வாழைக்கன்று வைத்து அவரே முறுக்கிய கம்பி அது!

"இதக் கட்டுனது யாருங்க?" என்று கத்தினேன்.

"சாமிக்குக் கட்டுனதுங்க. அதுமேல பழி போடாதீங்க, பாவம்" என்றார்.

நன்றாயிருக்கும் கியர்பாக்ஸ்மேல் மட்டும் பழி போடலாமாம்!