றெஜியைக் கூப்பிட்ட பாட்டு

கம்சாவின் அண்ணன் றெஜி போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தடியில், சன நெரிசலுக்குள் காணாமற்போனான். அப்போது அவள் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுபிள்ளை. அம்மா மார்கிறட் தொண்டை கிழிய அவனைக் கூப்பிட்ட விதம் மட்டும் அவளுடைய காதில் தங்கிவிட்டது. இரண்டு தடவை வெடுக்கென்று, பிறகு மூச்சு முடியும்வரை நீளமாக ஒரு தடவை.

முல்லைத்தீவில் தேவாலயப் பாடகர் குழுவோடு கிற்றார் பழகிய கம்சா, வளர்ந்தபின் கிளிநொச்சியில் சுகிர்தனையும் விஜிதரனையும் சேர்த்துக்கொண்டு றொக் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினாள். சுகிர்தன் ட்ரம்ஸ் அடிப்பான். விஜிதரன் பேஸ் கிற்றார். மூடிக்கிடந்த அரிசி ஆலையின் தகரக் கொட்டிலுக்குள் பழகியதால் 'தகரம்' என்றே குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கலியாண வீட்டுக்கும் கூப்பிடமாட்டார்கள், கோயில் திருவிழாவுக்கும் கூப்பிடமாட்டார்கள். முதல் அல்பத்தைச் சொந்தக்காரர்கூட முழுதாகக் கேட்கவில்லை.

இரண்டாவது அல்பத்துக்கு 'ஆர் அங்கை' என்று பெயர். அதில் ஒரு பாட்டுக்குச் சொற்களே இல்லை எனலாம். அம்மாவின் அந்தக் கூப்பாடுதான் பாட்டு. ஒலிப்பதிவுக்கு முதல் கம்சா வீட்டுக்கு வந்து, அதைப் பாடலாமா என்று கேட்டாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த மார்கிறட் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பாடு பிள்ளை. எங்கையாவது இருந்தானெண்டால் கேப்பான்தானே."

அல்பம் வந்ததும் எங்கிருந்தோ பற்றிக்கொண்டது. பஸ்ஸில் அது, ஓட்டோவில் அது. கொழும்பிலிருந்து மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்த பெடியள் அந்தக் கூப்பாட்டைத் தாங்களே கத்திப் படம்பிடித்துப் போட்டார்கள். கிளிநொச்சி மைதானத்தில் கம்சா வாயைத் திறக்க முன்னமே சனம் "றெஜீ" என்று கத்தித் துள்ளியது. சிரித்துச் சிரித்துக் கத்தியது. அவள் மைக்கை விட்டு விலகிக் கிற்றாரை மட்டும் வாசித்தாள். பாடாமல் நின்றும் பாட்டு நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கேலியும் பகிடியும் தொடங்கின. யூடியூப்பில் பாட்டுக்குக் கீழே ஒருவன், "அம்மா, நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்று எழுதினான். அதை மட்டும் கண்ட பக்கத்து வீட்டுத் தர்மிளா, மெய்யென்று நம்பி ஓடிப்போய் மார்கிறட்டிடம் சொல்லிவிட்டாள். கம்சா வீட்டுக்கு வந்தபோது, பூசைக்கு உடுக்கும் சீலையை உடுத்தபடி அம்மா வாசலில் நின்றாள்.

"அண்ணா எழுதியிருக்கிறானாம். எங்கை நிக்கிறானெண்டு கேள்."

அதற்குள் கீழே வேறும் பலர் எழுதியிருந்தார்கள். "நான்தான் றெஜி, சோறு போட்டு வையுங்கோ" என்று ஒருவன். "அந்த றெஜி நானல்லோ" என்று இன்னொருவன்.

"அம்மா, இது பகிடிக்கு எழுதுறது. எல்லாம் பொய்."

"எல்லாம் பொய்யெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குள்ள ஒருத்தன் உண்மையா இருக்கக்கூடாதே?"

கம்சா போனை எடுத்து விஜிதரனிடம் நடந்ததைச் சொன்னாள்.

விஜிதரன் போனில் சொன்னான். "கொமெண்டைப் பூட்டிவிடு, கம்சா. பாட்டையே தூக்கிறதெண்டாலும் எனக்கு ஓம்."

பக்கத்தில் நின்ற மார்கிறட்டுக்கு அது கேட்டது. "பூட்டாதை. அவன் எழுத வந்திட்டு என்ன செய்வான்?"

அன்றிலிருந்து பின்னேரங்களில் கம்சாவுக்கு அதுதான் வேலை. றெஜி என்று எழுதியவர்கள் எல்லாரிடமும், "உங்கட அம்மாவின்ர பேர் என்ன?" என்று கேட்பாள். சிரிக்கும் முகங்கள் வரும். சிலர் தூசணத்தில் ஏசி எழுதுவார்கள். சிலர் விஷயம் விளங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதியதை அழிப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அம்மா பக்கத்தில் இருப்பாள்.

ஒருநாள் ஒருவன், "மார்கிறட்" என்று எழுதியிருந்தான்.

கம்சா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கொஞ்சம் கழித்துத்தான் நினைவு வந்தது, பத்திரிகைப் பேட்டி ஒன்றில் அம்மாவின் பெயரை அவளே சொல்லியிருக்கிறாள். என்றாலும் விட மனமில்லாமல் எழுதினாள்: "வீட்டில தங்கச்சியை என்னெண்டு கூப்பிடுவியள்?"

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"இன்னும் எழுதேல்லை, அம்மா."

"வேலையில நிப்பான். ஆறுதலா எழுதட்டும்" என்றபடி மார்கிறட் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள்.